கைமாற்றுக் காசுக்குக் கோர்ட் படி ஏறலாமா? வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பெரும்பாலும் ஒரே சங்கதிதான். ஐம்பதாயிரம், எண்பதாயிரம், ஒன்றேகால் லட்சம் என்று கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் நிற்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். கேஸ் போட்டால் அந்தக் காசு வக்கீலுக்கே சரியாகிவிடுமோ என்ற பயம் எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: பக்கத்துத் தெருக்காரர் கடை வைக்க என்னிடம் 80,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, புரோநோட்டு எழுதி ஸ்டாம்ப் மேல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடமாகிறது, அசலும் வரவில்லை வட்டியும் வரவில்லை. "கோர்ட்டுக்குப் போய்க்கோ" என்கிறார். எந்தக் கோர்ட்டுக்குப் போவது, எவ்வளவு செலவாகும், வக்கீல் இல்லாமல் நானே போகலாமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: அவர் சொன்னபடியே போய்விடலாம், உங்கள் கையில் இருக்கும் காகிதம் நல்ல காகிதம். ஆனால் போவதற்கு முன்னால் அந்த நோட்டை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறதா, கையெழுத்து அந்த ஸ்டாம்பின் மேல் ஏறி வெளியேயும் போயிருக்கிறதா, தேதி இருக்கிறதா, தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாம்ப் ஒட்டாத வேறு பல பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சாட்சியத்தில் ஏற்ற வழியுண்டு, புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் இல்லாததால் ஒரு லட்ச ரூபாய்க் கேஸ் நொண்டியடிப்பது நடக்கிற காரியம்தான். சாட்சிக் கையெழுத்து இல்லையே என்று சிலர் பதறுகிறார்கள். புரோநோட்டுக்குச் சாட்சி கட்டாயமில்லை, இருந்தால் பலம்.

அடுத்தது தேதி. கேட்டபோது தருகிறேன் என்று எழுதிய நோட்டுக்கு, நோட்டுத் தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் போய்க் கேட்ட தேதியிலிருந்து என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் ஏராளம், அது தப்பு. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

எந்தக் கோர்ட் என்றால், இந்தத் தொகைக்கு மாவட்ட முன்சீப் நீதிமன்றம். எதிராளி குடியிருக்கும் ஊரோ, நோட்டு எழுதிப் பணம் கைமாறிய ஊரோ எந்த முன்சீப் எல்லைக்குள் வருகிறதோ அங்கே. 'ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்' என்று இணையத்தில் தேடினால் அமெரிக்கக் கதைகள்தான் வரும், அதைப் படித்துவிட்டு இங்கே வந்து ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நம்மிடமும் அந்த யோசனை பழையதுதான், 1882-லும் 1887-லும் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டங்கள் வந்தன, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிறுவழக்கு நீதிமன்றம் இன்றும் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல்காரருக்கு முன்சீப் கோர்ட்தான் வாசல்.

செலவைப் பார்ப்போம். அசல் 80,000, இரண்டு வருட வட்டி 19,200, ஆக 99,200 ரூபாய்க்குத் தாவா. கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது ஏறக்குறைய 3,000 ரூபாய். 2017-க்கு முன்பு இது ஏழரை சதவீதம், இதே வழக்குக்கு ஏழாயிரத்து சொச்சம் கட்டியிருப்பீர்கள். இது போக எதிராளிக்குச் சம்மன் அனுப்பப் படி கட்ட வேண்டும், நகல் எடுக்கிற செலவு உண்டு, அப்புறம் வக்கீல் ஃபீஸ். ஃபீஸை முதலிலேயே பேசி, தீர்ப்பு வரைக்கும் சேர்த்தா, தீர்ப்புப் பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவுக்குத் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், நாங்களும் கேட்டால்தான் சொல்வோம். ஜெயித்தால் கோர்ட் கட்டணத்தையும் செலவுத் தொகையையும் எதிராளி தலையில் போடச் சொல்லிப் பிராதிலேயே, அதாவது வழக்கு மனுவிலேயே, கேட்கலாம்.

நீங்களே வாதாடச் சட்டம் தடுக்கவில்லை. பிராதைத் தமிழிலேயே எழுதலாம், கீழ்க் கோர்ட்டில் தமிழ்தான் மொழி. ஆனால் பிராது எழுதுவது ஒரு வேலை, எதிராளியின் வக்கீல் உங்களைக் கூண்டில் ஏற்றி "இந்த 80,000 உங்களிடம் எப்படி வந்தது?" என்று குறுக்கு விசாரணை செய்யும்போது நிதானமாக நிற்பது வேறு வேலை. முதலாவதை முயன்று பார்க்கலாம், இரண்டாவதற்கு ஆள் வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் பெண்ணாகவோ, பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் தருவார்கள். கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

தனியார் ஒருவர் மேல் பண வழக்குப் போட முன்நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை. இருந்தாலும் அனுப்புங்கள். ஒப்புகையோடு, பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட்டில் போகட்டும். வாங்கிப் பதில் போடாமல் இருந்தால் அதுவே உங்களுக்கு ஒரு சாட்சி. தபால்காரர் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பிக் கொண்டுவந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள். என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஆர்வத்தில் கிழித்துவிடுகிறார்கள், உள்ளே இருப்பது நீங்கள் அனுப்பிய கடிதம்தானே!

இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: அவரிடம் என்ன இருக்கிறது? கடை அவர் பெயரில் ஓடுகிறதா, வீடு யார் பெயரில், மாதச் சம்பளம் வருகிறதா, எந்த பேங்கில் கணக்கு? இதைத் தெரிந்துகொண்டு வழக்குப் போடுபவருக்கும் கோபத்தில் போடுபவருக்கும் உள்ள வித்தியாசம் தீர்ப்புக்குப் பிறகுதான் தெரியும். சேலம் வாசகி ஒருவர் கீழே அதைத்தான் எழுதியிருக்கிறார்.

கேள்வி: கூட வேலை பார்த்தவனுக்கு ஜிபேயில் மூன்று தவணையாக 65,000 ரூபாய் அனுப்பினேன். எழுத்தில் ஒன்றுமில்லை. "அடுத்த மாசம் தர்றேன் மச்சி" என்று வாட்ஸ்அப்பில் பலமுறை சொல்லியிருக்கிறான். இப்போது பிளாக் செய்துவிட்டான். நோட்டு இல்லாமல் கேஸ் நிற்குமா?
வாசகர், கோவை

பதில்: நிற்கும். கடன் கொடுத்ததற்கு நோட்டு மட்டுமே சாட்சி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட் பணம் போனதைக் காட்டும். ஆனால் அது கடனாகத்தான் போனது என்பதை நீங்கள் காட்ட வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்து வக்கீல் எடுத்ததுமே "அது என் கட்சிக்காரருக்கு இவர் திருப்பிக் கொடுத்த பணம்" என்றுதான் சொல்லப் போகிறார். அங்கேதான் அந்த "தர்றேன் மச்சி" காப்பாற்றும்.

ஸ்கிரீன்ஷாட்டை பிரின்ட் போட்டு நீட்டினால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி, ஒன்றில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள், இன்னொன்றை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பு என்று ஒன்றையும் அதில் குறிக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை அந்தப் போனை விற்காமல், உடைக்காமல், ஃபார்மட் போடாமல் வைத்திருப்பது. உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டி வைத்தால் மீதியை அவன் காட்டுவான்.

பணம் அனுப்பிய ஒவ்வொரு தேதியிலிருந்தும் 3 வருடம் தனித்தனியாக ஓடுகிறது. மூன்று தவணை என்றால் மூன்று கெடு, முதல் தவணையின் கெடுவுக்குள் வழக்கு உள்ளே போய்விட்டால் தொல்லையில்லை. கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதுவும் கெடு முடிவதற்குள் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும் என்பது உண்மைதான். வாட்ஸ்அப் செய்தியை அப்படிக் கையெழுத்திட்ட ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பதில் வாதம் வரும், அதை நம்பிக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.

பிளாக் செய்துவிட்டான் என்றீர்கள். அவன் ஆபீஸ் முகவரியும் வீட்டு முகவரியும் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அதைத் தேடுங்கள். சம்மன் போய்ச் சேர முகவரி வேண்டும், போன் நம்பர் மேல் வழக்குப் போட முடியாது.

கேள்வி: என் நோட்டுக்கு மே 14-ஆம் தேதியோடு மூன்று வருடம் முடிகிறது. மே மாதம் கோர்ட் லீவு என்கிறார்களே, போச்சா?
வாசகர், திருச்சி

பதில்: போகவில்லை. கெடு முடியும் நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கிற முதல் நாளில் தாக்கல் செய்யலாம், கெடுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. முதல் நாள் என்றால் முதல் நாள், மறுநாள் இல்லை. அன்று காலை பஸ் பழுதானது, வக்கீல் ஊருக்குப் போய்விட்டார் என்ற கதையெல்லாம் வழக்குத் தாக்கலில் எடுபடாது. ஏப்ரலிலேயே போட்டுவிடுங்களேன்.

இடையில் அவர் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு "இன்ன தொகை வரவு" என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வையுங்கள். ஆயிரம் ரூபாய் வரவு வைத்தாலும் அன்றிலிருந்து புதுக் கெடு தொடங்கும்.

கேள்வி: கோர்ட்டுக்குப் போனால் இழுத்தடிக்கும், ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்தால் இரண்டே நாளில் பேசி வாங்கித் தருவார்கள் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். அவருக்கு ஒரு பங்கு தர வேண்டுமாம்.
வாசகர், மதுரை

பதில்: அந்த ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். கொடுத்த கடனை வசூல் செய்வது போலீஸின் வேலை இல்லை, அது சிவில் தகராறு. ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்கிய காகிதத்தை "மிரட்டி வாங்கினார்கள்" என்று எதிராளி பின்னால் கோர்ட்டில் சொன்னால் உங்கள் நல்ல கேஸும் கெட்டுப்போகும்.

போலீஸுக்குப் போக வேண்டிய இடமும் உண்டு. தரும் எண்ணமே இல்லாமல் பொய் சொல்லி வாங்கியிருந்தால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தெருவில் பலரிடம் வாங்கிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர் விஷயத்தில் ஆளுக்கொரு சிவில் கேஸ் போடுவது வீண். எல்லாரும் சேர்ந்து போலீஸுக்குப் போங்கள், பெரிய தொகையென்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு. டெபாசிட்தாரர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

கேள்வி: 50,000 ரூபாய்க்குக் கொடுத்த செக் 'போதிய பணம் இல்லை' என்று திரும்பிவிட்டது. முன்சீப் கோர்ட்டுக்கா, கிரிமினல் கோர்ட்டுக்கா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டுக்கும் போகலாம். ஆனால் கிரிமினல் பக்கம் கடிகாரம் வேகமாக ஓடும், அதை முதலில் பாருங்கள். பேங்க் ரிட்டர்ன் மெமோ உங்கள் கைக்கு வந்து தகவல் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இதுதான் எல்லாரும் சொல்லும் 138, அதாவது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. நோட்டீஸில் செக் தொகையைச் சரியாகக் கேளுங்கள். வட்டி, மனஉளைச்சல், வக்கீல் ஃபீஸ் எல்லாவற்றையும் கூட்டி ஒரே மொத்தமாக எழுதி நோட்டீஸையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லையில் உள்ள கோர்ட்டிலேயே போடலாம், 2015-ல் சட்டத்தைத் திருத்தி அப்படி ஆக்கினார்கள். 2018-லிருந்து வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். சிவில் சம்மனைக் கண்டுகொள்ளாதவர்கள்கூட இதற்குப் பயந்து பேச வருவார்கள், அதனால் முதலில் இதைத்தான் நானும் சொல்வேன். நோட்டீஸ் கெடு ஏற்கெனவே தவறிவிட்டது என்றால் செக் இன்னும் 3 மாத ஆயுளுக்குள் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மறுபடி போட்டுப் புது மெமோ வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் முன்சீப் கோர்ட்.

கேள்வி: 42,000 ரூபாய்க்கு வாங்கிய சோபா நாலே மாதத்தில் உட்கார்ந்த இடத்தில் குழியாகிவிட்டது. கடைக்காரர் "கம்பெனியைக் கேளுங்க" என்கிறார், கம்பெனி போனை எடுப்பதில்லை. இதற்கும் முன்சீப் கோர்ட்டா?
வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். உங்களுக்கு இதைவிட லேசான வழி இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் போடலாம், இது 2019 சட்டம் கொடுத்த வசதி. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் கெடு.

பில், வாரன்ட்டி அட்டை, பணம் கட்டியதற்கான ரசீது, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப், குழியான சோபாவின் போட்டோ இதெல்லாம் சேர்த்து வையுங்கள். போட்டோவில் சோபாவின் கீழே தைத்திருக்கும் லேபிளும் மாடல் எண்ணும் தெரியட்டும், "இது எங்கள் சோபாவே இல்லை" என்ற பதில் வரும். கடை, தயாரிப்பாளர் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழிபோடுவதை ஆணையத்தின் முன்னாலேயே செய்துகொள்ளட்டும். அதற்கும் முன்னால் 1915-க்குப் போன் போட்டு ஒரு புகார் பதிவு செய்துவிடுங்கள், சில கடைகள் அந்த நிலையிலேயே மாற்றித் தந்துவிடுகின்றன.

கேட்கும் தொகையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 42,000 ரூபாய் சோபாவுக்கு மனஉளைச்சல் 10 லட்சம் என்று எழுதினால் உங்கள் புகாரின் மரியாதைதான் குறையும்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வாடகை வீட்டை ஒரு வருட ஒப்பந்தம் முடிந்து காலி செய்தேன். 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) டெபாசிட்டை வீட்டுக்காரர் பெயின்ட் செலவு என்று பிடித்துக்கொண்டார். இந்தியா திரும்பிய பிறகு அங்கிருந்து வழக்குப் போடலாமா?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: திரும்புவதற்குள் போட்டுவிடுங்கள், நீங்கள் இருக்கும் ஊரில்தான் உண்மையான சிறுவழக்கு மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரையிலானவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தமும் அதில் அடக்கம். கெடு 2 வருடம். ஆன்லைனில் தாக்கல், கட்டணம் சொற்பம். வக்கீல்களை உள்ளேயே விடமாட்டார்கள், நீங்களும் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் பேச வேண்டும். முதலில் பதிவாளர் முன்னால் சமரசப் பேச்சு நடக்கும், முடியாவிட்டால் விசாரணை. குடிபுகுந்த நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த சுவர்ப் படங்கள் இருந்தால் அதுதான் உங்கள் கேஸே.

இந்த மாதிரி ஒன்று நம் ஊரில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. என் பிழைப்பைக் கெடுக்கும் ஆசைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

கேள்வி: 1,10,000 ரூபாய்க்கு வழக்குப் போட்டு ஜெயித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. தீர்ப்பு நகல் பீரோவில் இருக்கிறது, பணம் வரவில்லை. கோர்ட்டே வாங்கித் தராதா?
வாசகி, சேலம்

பதில்: தானாக வாங்கித் தராது, நீங்கள் மறுபடி போய்க் கேட்க வேண்டும். அதற்குப் பெயர் நிறைவேற்று மனு, கோர்ட் வட்டாரத்தில் ஈ.பி. என்பார்கள். 12 வருடம் வரை போடலாம், அவசரமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், காலம் போகப் போக அவர் சொத்து கை மாறும். கோர்ட் கொடுக்கும் வட்டியும் தீர்ப்புக்குப் பிறகு, வியாபாரக் கடன் இல்லையென்றால், 6 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆகவே இழுத்தடிப்பது அவருக்குத்தான் லாபம்.

அவர் சம்பளக்காரரா? சம்பளத்தை ஜப்தி செய்யலாம். முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. மாதம் 31,000 வாங்குகிறார் என்றால் கழித்துப் பார்த்தால் 10,000 வரை பிடிக்கலாம், ஒரு தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம் வரை. உங்கள் தொகைக்கு ஒரு வருடத்திலேயே முடிந்துவிடும். முதலாளியிடம் உத்தரவு போய்ச் சேர்ந்ததும் பல பேர் முழுப் பணத்தையும் புரட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், ஆபீஸில் மானம் போகிறதே. பி.எஃப்., கிராஜுவிட்டி, அரசு பென்ஷன் பக்கம் போக முடியாது.

சம்பளம் இல்லை, பேங்க் கணக்கு தெரியும் என்றால் அதை முடக்கக் கேளுங்கள். பைக், கடைச் சரக்கு, வீடு, காலிமனை இவற்றையும் ஜப்தி செய்து ஏலம் விடலாம். ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியரான அமீனா வீட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் தூக்கிவர முடியாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், விவசாயி குடியிருக்கும் வீடு, பெண்கள் சமய வழக்கப்படி கழற்றக் கூடாத நகை, அதாவது தாலி, இவற்றையெல்லாம் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. என்ன சொத்து இருக்கிறது என்றே தெரியவில்லையா, அவரையே பிரமாண வாக்குமூலமாகச் சொல்ல வைக்கும்படி மனுப் போடலாம், சொல்லாவிட்டால் சிவில் சிறை உண்டு.

"உள்ளே தள்ளிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். வசதி இருந்தும் வேண்டுமென்றே தரவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், வறுமையில் இருப்பவரைக் கடனுக்காகச் சிறையில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பண வழக்கில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. கைது நடந்தாலும் அவர் உள்ளே இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். கொடுத்த கடன் போதாதென்று சோறும் போட வேண்டுமா என்று ஒரு கட்சிக்காரர் என்னைக் கேட்டார், சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோர்ட்டில் வேலைப் பளு அதற்கு இடம் தருகிறதா என்பது வேறு. நீங்கள் சொத்து விவரத்தைத் துல்லியமாகக் கொடுத்தால் பாதி வாய்தா குறையும்.

கேள்வி: எதிராளி நானாகவே இருக்கிறேன். ஐந்து வருடம் முன்பு 20,000 ரூபாய் கடனுக்கு வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டேன். கடனை அடைத்துவிட்டேன், நோட்டைத் திரும்ப வாங்கவில்லை. இப்போது ஒன்றரை லட்சம் என்று எழுதி வழக்குப் போட்டிருக்கிறார்கள். சம்மனை வாங்கலாமா?
வாசகர், விருதுநகர்

பதில்: வாங்குங்கள், வாங்கிய கையோடு வக்கீலிடம் போங்கள். வாங்காமல் ஒளிந்தால் வழக்கு நிற்காது, உங்கள் இல்லாமையிலேயே ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அப்படி ஆகிவிட்டாலும் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மன் கிடைத்து 30 நாளுக்குள், காரணம் சொன்னால் அதிகபட்சம் 90 நாளுக்குள், எதிர்வாதுரை, அதாவது உங்கள் எழுத்துப் பதில், போட வேண்டும்.

கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால் பணம் வாங்கியதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், அதை உடைக்கும் பாரம் உங்கள் மேல். அடைத்ததற்கு பேங்க் வழியாக ஏதாவது தடயம் இருக்கிறதா? கடன் கொடுத்தவருக்கு அப்போது ஒன்றரை லட்சம் கொடுக்கும் வசதி இருந்ததா? நோட்டில் எழுத்து ஒரு மையிலும் கையெழுத்து வேறு மையிலும் இருக்கிறதா? முக்கியமாக நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கெடுவை உயிர்ப்பிக்க "500 ரூபாய் வரவு" என்று பின்னால் எழுதி உங்கள் கையெழுத்தைப் போலவே ஒன்றைப் போட்டிருந்தால் அதைக் கையெழுத்து நிபுணருக்கு அனுப்பக் கேட்கலாம். அது பொய் என்று ஆகி, நோட்டுத் தேதியும் பழையதாகவே இருந்தால், கெடு தாண்டிய வழக்காகத் தள்ளுபடியாகும். கந்துவட்டி வாங்கியிருந்தால் 2003-ஆம் வருடத் தடைச் சட்டத்தையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வழக்கே போடாமல் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொள்ளலாம் என்கிறார்களே, நம்பலாமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: எதிராளி வந்து உட்காருவார் என்றால் அதைவிட நல்ல வழி இல்லை. வெள்ளைத்தாளில் மனு எழுதி சட்டப் பணிகள் குழுவிடம் கொடுங்கள், கட்டணம் கிடையாது, அவர்களே அவருக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். ஒத்துவந்தால் அங்கே போடும் உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. தவணையில் கட்டுகிறேன் என்றால், ஒரு தவணை தவறினாலும் மீதி மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் முதல் தவணையோடு காணாமல் போனவர்கள் பலர்.

வராவிட்டால் அவரை யாரும் இழுத்துவர முடியாது. நீங்கள் அங்கே காத்திருக்கும் காலத்தில் மூன்று வருடக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கெடு நெருக்கத்தில் இருந்தால் முதலில் வழக்கைப் போட்டுவிட்டு, பிறகு அதையே லோக் அதாலத்துக்கு அனுப்பக் கேளுங்கள். அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்ப வரும். வெளியே நீங்களாகப் பேசி முடித்துக்கொண்டாலும் திரும்பத் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். சமரசம் பதிவாகும் அன்றே கட்டணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள்.